ஆபீஸில் விக்கி போட்டு நாலு மாசம் ஆச்சு, எழுதுறது நான் ஒருத்தன்தான். என்ன செய்யலாம்?

#1 கெடிலக்கரையான் | ஜூன் 9, இரவு 10:40

வணக்கம். கடலூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். சிப்காட்டிலும், பாண்டியில் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் பக்கமும் உள்ள ஆலைகளுக்கு ஆர்.ஓ. பிளாண்ட், கழிவுநீர் பிளாண்ட் ஓட்டிக் கொடுப்பதும் பராமரிப்பதும் எங்கள் வேலை. ஆபரேட்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், ஆபீஸ் எல்லாம் சேர்த்து 64 பேர். 9 சைட்.

போன வருஷம் எங்கள் சீனியர் சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். எந்த சைட்டில் எந்த வால்வு திருப்பி மாட்டியிருக்கிறது என்பது வரை அவர் தலைக்குள் இருந்தது. மிச்சம் இருந்ததைச் சட்டைப்பை டைரியில் எழுதி வைத்திருப்பார். போகும்போது டைரியும் கூடவே போய்விட்டது. அவருடையதுதானே, கேட்கவா முடியும்? இரண்டு மாதம் அவருக்குப் போன் போட்டுத்தான் பிளாண்ட் ஓட்டினோம். "பேரனை ஸ்கூல்ல விட்டுட்டு வந்து பேசுறேன்" என்பார்.

சரி, இனி இப்படி ஆகக்கூடாது என்று பிப்ரவரியில் ஆபீஸில் சும்மா கிடந்த ஒரு கம்ப்யூட்டரில் டோகுவிக்கி நிறுவினேன். யார் வேண்டுமானாலும் பக்கம் எழுதி, திருத்துகிற விக்கி மென்பொருள் அது. இலவசம், டேட்டாபேஸ் தேவையில்லை, எல்லாம் சாதா டெக்ஸ்ட் ஃபைல்தான். இன்று 23 பக்கம் இருக்கிறது. 20 நான் எழுதியது. ஒன்று ஸ்டோர்ஸ் அண்ணன் சோதித்துப் பார்க்க "ஹலோ" என்று எழுதியது.

மீட்டிங் போட்டு விளக்கினேன். டீ, சமோசா எல்லாம் உண்டு. எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாளே கேள்விகள் வழக்கம்போல வாட்ஸாப் குரூப்புக்கு வந்தன. பொறுக்க முடியாமல் முதலாளியிடம் சொன்னேன். அவர் ஆளுக்கு வாரம் 2 பக்கம் கட்டாயம் என்று உத்தரவு போட்டுவிட்டார். அதில் வந்த முதல் பக்கத்தின் தலைப்பு: "மோட்டார் நன்றாக ஓடுகிறது". உள்ளேயும் அதே வரிதான்.

யாராவது இந்தக் கட்டத்தைத் தாண்டி வந்திருக்கிறீர்களா?

#2 பாண்டி_சப்போர்ட் | ஜூன் 9, இரவு 11:25

முதல் வேலையாக அந்த வாரம் 2 பக்க உத்தரவை வாபஸ் வாங்க வையுங்கள். கணக்குக்கு எழுதினால் கணக்குக்குத்தான் வரும்.

நான் பாண்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சப்போர்ட் டீம். எங்களுக்கும் இதே கதைதான். என்ன மாறியது என்றால், நான் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதை நிறுத்தினேன். யாராவது கேட்டால், பதிலை விக்கியில் 4 வரி எழுதிவிட்டு இணைப்பை மட்டும் அனுப்புவேன். அவசரம் என்றால் வாயால் சொல்லிவிட்டு அப்புறம் எழுதி அனுப்புவேன். அதே கேள்வி மூன்றாவது முறை வரும்போது நான் பதில் சொல்வதற்குள் வேறு யாரோ அந்த இணைப்பைப் போட்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இன்னொன்று. எல்லோரும் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இணையத்தில் 100 பேர் கூடுகிற இடத்தில் 90 பேர் பார்ப்பார்கள், 9 பேர் எப்போதாவது கை வைப்பார்கள், ஒருவர்தான் தொடர்ந்து எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் சொன்னார். அலுவலகத்துக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனாலும் 64 பேரில் 5 பேர் எழுதினால் உங்கள் விக்கி ஓடுகிறது என்றுதான் அர்த்தம். மற்றவர்கள் படிக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

#3 மூன்றாம்_ஷிஃப்ட் | ஜூன் 10, காலை 6:50

நைட் முடித்துவிட்டு எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் இதே லைனில்தான் 17 வருஷமாக இருக்கிறேன், வேறு கம்பெனி.

தம்பி, உங்கள் 20 பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? ஊகித்துச் சொல்லட்டுமா? "ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் என்றால் என்ன", "பாதுகாப்பு விதிமுறைகள்", "நிறுவனத்தின் நோக்கம்". சரியா?

ராத்திரி 2 மணி. எச்.பி. பம்ப், அதாவது ஆர்.ஓ.வின் உயர் அழுத்த பம்ப், ட்ரிப் ஆகிறது. ரீசெட் பண்ணினால் ஒரு நிமிஷம் ஓடி மறுபடி ட்ரிப். பேனலில் "லோ சக்ஷன்" என்று சிவப்பு எரிகிறது, பம்புக்குத் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். கை முழுக்க ஈரம். அந்த நேரத்தில் எனக்கு ஆஸ்மோசிஸ் பாடம் வேண்டாம். முதலில் கார்ட்ரிட்ஜ் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள பிரஷர் கேஜைப் பார், வித்தியாசம் 1 கிலோ பக்கம் வந்திருந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, மாற்று. இல்லையென்றால் ஃபீட் பம்ப் வால்வு பாதி மூடியிருக்கிறதா பார். எக்காரணம் கொண்டும் பிரஷர் சுவிட்சை பைபாஸ் பண்ணாதே, பம்ப் காய்ந்து ஓடி சீல் போய்விடும். புது ஃபில்டர் எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம். இவ்வளவுதான் வேண்டும். இது இருந்தால் பார்ப்பேன். இல்லாவிட்டால் வழக்கம்போல சூப்பர்வைசரை எழுப்புவேன்.

#4 கெடிலக்கரையான் | ஜூன் 10, காலை 9:15

மூன்றாம்_ஷிஃப்ட் அண்ணே, "நிறுவனத்தின் நோக்கம்" இருக்கிறது. முதல் பக்கமே அதுதான். மானம் போகிறது.

நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்து ஒரு பக்கம் ஆக்கலாமா?

#5 மூன்றாம்_ஷிஃப்ட் | ஜூன் 10, காலை 9:20

எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கப் போகிறேன்.

#6 கணக்குப்பிள்ளை | ஜூன் 10, மதியம் 1:05

ஒரு சந்தேகம். வாட்ஸாப் குரூப்பே போதாதா? எல்லோர் கையிலும் இருக்கிறது, யாருக்கும் கற்றுத்தர வேண்டாம், போட்டோ, வாய்ஸ் எல்லாம் போகிறது. புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து திணித்துவிட்டு "ஏன் வரமாட்டேங்கிறாங்க" என்பது என்ன நியாயம்?

அப்புறம் விக்கி என்ற பேரைக் கேட்டாலே எங்கள் ஆபீஸில் விக்கல் வருகிறது என்பார்கள்.

#7 ஏட்டுச்சுவடி | ஜூன் 10, மாலை 4:30

விக்கலும் இல்லை, விக்னேஷும் இல்லை. ஹவாய் மொழியில் விக்கி என்றால் சீக்கிரம். ஹொனலுலு விமான நிலையத்தில் ஒரு டெர்மினலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பஸ்ஸுக்கு "விக்கி விக்கி" என்று பெயர். வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் 1995 மார்ச்சில் முதல் விக்கியைப் போட்டபோது அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். அதுவும் விக்கிப்பீடியா மாதிரி உலகத்துக்கே கலைக்களஞ்சியம் எழுதுவதற்காக அல்ல. மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் வேலை அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளத்தான். விக்கிப்பீடியா 2001-இல்தான் வந்தது. ஆகவே ஆபீஸுக்கு விக்கி என்பது இரவல் யோசனை இல்லை, அதன் பிறந்த வீடே தொழில்தான்.

நான் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். எங்கள் நூலகத்துக்கு ஒரு விக்கி வைத்தபோது வந்த முதல் எதிர்ப்பு: "யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் கெடுத்துவிடுவார்களே." எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று பழமொழியே இருக்கிறது. ஓலைச்சுவடியில் அந்தப் பயம் நியாயம். பெயர்த்து எழுதுகிறவர் ஒரு எழுத்தை விட்டால், மூல ஏடு செல்லரித்துப் போனபின் எது சரி என்று யாருக்கும் தெரியாது. பக்கத்திலேயே பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான சுவடிகளை வைத்துக்கொண்டு பாடபேதம் ஒப்பிடுகிறவர்களைக் கேட்டால் தெரியும். விக்கியில் அந்தப் பிரச்சினை இல்லை. யார், எப்போது, எந்த எழுத்தை மாற்றினார் என்று வரலாறு நிற்கும். ஒரு சொடுக்கில் பழையதைத் திரும்பக் கொண்டுவரலாம்.

நான் செய்தது என்னவென்றால், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் முதல் பக்கத்தை முழுக்க அழித்தேன். ஒரு அம்மா "ஐயையோ" என்று எழுந்தே விட்டார். பழைய பதிப்பைத் திறந்து மீட்டேன். அப்புறம் அவரை வரச்சொல்லி அவர் கையால் அழிக்க வைத்து, அவரையே மீட்கவும் வைத்தேன். கெட்டுப்போகாது என்று வாயால் நூறு தடவை சொன்னாலும் அந்த 2 நிமிஷத்துக்கு ஈடாகாது.

#8 பாண்டி_சப்போர்ட் | ஜூன் 10, மாலை 5:10

கணக்குப்பிள்ளை சார், வாட்ஸாப் பேசுவதற்கு நல்லது, தேடுவதற்கு ஆகாது. மார்ச்சில் யாரோ போட்ட பம்ப் நேம்பிளேட் போட்டோவை இப்போது எடுங்கள் பார்ப்போம். நடுவில் 300 குட்மார்னிங், 40 பிறந்தநாள் கேக். ஆள் போனை மாற்றினால் அதுவும் போச்சு. புதிதாகச் சேர்கிற பையனுக்குப் பழைய பேச்சு எதுவும் தெரியாது.

#9 கணக்குப்பிள்ளை | ஜூன் 10, இரவு 8:45

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் விக்கி இருக்கிற கம்ப்யூட்டர் தண்ணீரில் மூழ்கினால்? கடலூர்க்காரன் கேட்கிறேன். 2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் ஆபீஸ் கூரையே பறந்தது, கரண்ட் வர எத்தனை நாள் ஆனது என்று ஊருக்கே தெரியும். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் பார்த்தோம்.

#10 கெடிலக்கரையான் | ஜூன் 10, இரவு 10:00

நல்ல கேள்வி. டோகுவிக்கி எல்லாம் டெக்ஸ்ட் ஃபைல் என்பதால் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணினால் போதும். வாரம் ஒருமுறை ஒரு பென்டிரைவில் என் வீட்டுக்கு வருகிறது. நான் இருப்பது மூன்றாவது மாடி.

எனக்கு இதைவிடப் பெரிய சிக்கல் இரண்டு. ஒன்று, சில சைட்டில் கெமிக்கல் ஏரியா என்று போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பேனல் கதவில் கியூஆர் ஒட்டலாம் என்று நினைத்திருந்தேன், அங்கே அது சுவரில் ஒட்டிய கோலம்தான். இரண்டு, எங்கள் ஃபிட்டர் ஒருவர். வயது 50-க்கு மேல். கை வைத்தாலே பேரிங் சத்தத்தை வைத்து எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். விக்கியைக் காட்டினேன். தலைப்புக்கு முன்னும் பின்னும் வரிசையாக நிற்கும் சமக்குறிகளைப் பார்த்துவிட்டு, "இது கணக்குப் பாடமா தம்பி" என்றார். அப்புறம் மெதுவாக இன்னொன்றும் சொன்னார்: "எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் என்னை எதுக்கு வெச்சுக்குவாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை.

#11 மூன்றாம்_ஷிஃப்ட் | ஜூன் 11, காலை 7:10

அவர் கேட்டதுதான் கேள்வி. மற்றதெல்லாம் சமோசா.

நான் முன்பு இருந்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பேர் வேண்டாம். "நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்" என்று சொல்லி 3 மாதம் உட்காரவைத்து எங்களிடம் எல்லாவற்றையும் எழுதி வாங்கினார்கள். யார் எந்த மிஷினில் கில்லாடியோ அவர்களைத் தேடித் தேடி. நாலாவது மாதம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது அதில் இரண்டு பேரை நிறுத்திவிட்டு, பாதிச் சம்பளத்தில் ஐடிஐ முடித்த பையன்களை எடுத்தார்கள். அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்றிலிருந்து யாராவது நோட்டோடு வந்து உட்கார்ந்தால் எனக்கு வாய் அடைத்துக்கொள்ளும்.

சின்ன டைரியைச் சட்டைப் பையில் வைத்திருப்பது சுயநலம் என்று ஆபீஸில் இருப்பவர்கள் நினைப்பார்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கு அதுதான் பி.எஃப்.

#12 பாண்டி_சப்போர்ட் | ஜூன் 11, காலை 10:30

இதைத் தொழில்நுட்பத்தால் தீர்க்க முடியாது என்பது உண்மை. ஆனால் எழுதச் சொல்லும் விதத்திலாவது ஏதாவது செய்யலாம். எங்கள் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் "இதைப் பற்றிக் கேட்க வேண்டியவர்" என்று ஒரு வரி உண்டு. எழுதியவர் யார் என்பது அல்ல, தெரிந்தவர் யார் என்பது. தட்டச்சு செய்தது நேற்று சேர்ந்த பையனாக இருக்கலாம், பேர் பெரியவருடையது. அவர் தெருமுனை டீக்கடைக்குப் போனாலும் ஆட்கள் தேடிப்போய்க் கேட்கிறார்கள்.

சமக்குறி விஷயம் சுலபம். அவரைத் தட்டச்சு செய்யவே விடாதீர்கள். அவர் பேசட்டும், பக்கத்தில் ஒரு ஜூனியர் போனில் தமிழில் குரல்வழி உள்ளீடு செய்யட்டும். பிழை வரும், "பேரிங்" என்றால் "பேரன்" என்று விழும். திருத்திக்கொள்ளலாம்.

#13 ஏட்டுச்சுவடி | ஜூன் 11, மாலை 6:00

புதுப் பக்கம் திறந்தால் வெள்ளையாக வரக்கூடாது. வெள்ளைத் திரையைப் பார்த்தால் நன்றாகப் படித்தவர்களுக்கே கை ஓடாது. டோகுவிக்கியில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மாதிரிப் படிவம் வைக்கலாம். என்ன ஆகும், முதலில் எதைப் பார்க்க வேண்டும், எதைச் செய்யவே கூடாது, பொருள் எங்கே இருக்கிறது, யாரைக் கேட்பது. 5 கேள்வி தானாக வந்து நிற்கும். மூன்றாம்_ஷிஃப்ட் ஏற்கெனவே அந்தப் படிவத்தைத்தான் எழுதியிருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

போன் போகாத இடத்துக்கு அச்சடித்து மாட்டுங்கள். லேமினேட் பண்ணாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, பக்கத்தில் தாளிலேயே திருத்தம் எழுத ஒரு பால்பாயிண்ட் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள்.

#14 ரிலே_சுவிட்ச் | ஜூன் 11, இரவு 9:20

எளிய வழி சொல்கிறேன். பக்கத்தில் வேண்டுமென்றே தப்பாக எழுதுங்கள். "தெரிந்தால் சொல்லுங்கள்" என்றால் ஒருத்தரும் வரமாட்டார்கள், தப்பைப் பார்த்தால் நாலு பேர் ஓடிவந்து திருத்துவார்கள். இதற்குக் கன்னிங்ஹாம் விதி என்றே பெயர்.

#15 ஏட்டுச்சுவடி | ஜூன் 11, இரவு 9:50

அந்த விதியைத் தான் சொல்லவே இல்லை என்று கன்னிங்ஹாமே மறுத்துவிட்டார். அதுவே இணையம் முழுக்கத் திருத்தப்படாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

#16 மூன்றாம்_ஷிஃப்ட் | ஜூன் 12, காலை 6:40

ரிலே_சுவிட்ச், உங்கள் வேலை கம்ப்யூட்டரில் என்றால் விளையாடுங்கள். எங்கள் வேலையில் ஆசிட் டோசிங் இருக்கிறது, 415 வோல்ட் இருக்கிறது. வேண்டுமானால் இடம் காலியாக விடுங்கள்: "சீல் அளவு: ____". காலி இடம் கையை இழுக்கும், யாரையும் கொல்லாது.

#17 ரிலே_சுவிட்ச் | ஜூன் 12, காலை 8:00

நியாயம். வாபஸ்.

#18 கெடிலக்கரையான் | ஜூலை 21, இரவு 10:15

ஆறு வாரம் ஆயிற்று, நடந்ததைச் சொல்கிறேன்.

"நிறுவனத்தின் நோக்கம்" போச்சு. ஆஸ்மோசிஸ் போச்சு. 20-இல் 14 பக்கத்தை எடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில் இப்போது 9 சைட் பேர், அதன் கீழே "இந்த வாரம் ராத்திரியில் வந்த போன்கள்" மட்டும். வாரம் 2 பக்க உத்தரவை முதலாளி நிறுத்திவிட்டார், அவருக்கும் "மோட்டார் நன்றாக ஓடுகிறது" படித்து அலுத்துவிட்டது. லோ சக்ஷன் பக்கம்தான் அதிகம் திறக்கப்படுகிறது.

ஃபிட்டர் அண்ணனை எழுதச் சொல்வதை விட்டேன். முதலாளியிடம் போய், எழுதிக் கொடுப்பவர்கள் வேலைக்கு ஆபத்து வராது என்று குறிப்பேட்டில் எழுதித் தரச் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார். அதோடு நிற்கிறது. ஃபிட்டர் அண்ணனிடமும் அதை மறைக்காமல் சொல்லிவிட்டேன். இப்போதைக்கு அவர் தனக்கு இஷ்டமானதை மட்டும் ஒரு பையனிடம் சொல்கிறார். பேரிங் பக்கம் இன்னும் காலி. நான் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை நடந்தது இது. ஒரு சைட்டில் ரா வாட்டர் பம்ப் 1, 2 என்று பேனலில் எழுதியிருப்பது தலைகீழ். 1-ஐ அழுத்தினால் 2 ஓடும். ஓய்வு பெற்ற சூப்பர்வைசர் போனில் சொல்லி, நான் எழுதிய முதல் உருப்படியான பக்கம் அது. பெரிய எழுத்தில், "கவனம்! எண்கள் மாறியிருக்கின்றன" என்று. அங்கே போன் அனுமதி இல்லை, அதனால் அச்சடித்து, ஏட்டுச்சுவடி மேடம் சொன்னபடி பிளாஸ்டிக் உறை, நூலில் பேனா.

சனிக்கிழமை தாள்களைச் சேகரிக்கப் போனேன். என் "கவனம்!" மேல் குறுக்காக இரண்டு கோடு. கீழே சாய்ந்த கையெழுத்தில்: "ஜூன் கடைசியிலே ஒயர் மாத்தியாச்சு. இப்ப 1ன்னா 1. இதை நம்பி ஐசொலேட் பண்ணினா ஆள் காலி." பக்கத்தில் கையெழுத்து, தேதி 16/7. ஐசொலேட் என்றால் வேலை பார்க்கும் முன் கரண்டைத் துண்டிப்பது.

எங்கள் எலக்ட்ரீஷியன். மீட்டிங்கில் சமோசா சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனவர். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை 16 வரை அந்தப் பேனலில் நான் எழுதிய பொய் தொங்கியிருக்கிறது. அங்கேயே நின்று வியர்த்துவிட்டது. அந்தத் தாளை அப்படியே போட்டோ எடுத்துப் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். அவர் கையெழுத்தோடு இருக்கட்டும். இப்போது எல்லாப் பக்கத்தின் தலையிலும் "நேரில் பார்த்துச் சரிபார்த்த தேதி" வருகிறது. 60 நாள் தாண்டினால் அந்தத் தாளை பேனலிலிருந்து கழற்றிவிட வேண்டும் என்று முடிவு. வயரிங் தொட்டால் அன்றே தாளைத் திருத்த வேண்டும், அது எலக்ட்ரீஷியன் போட்ட விதி.

#19 மூன்றாம்_ஷிஃப்ட் | ஜூலை 22, காலை 7:00

வேண்டுமென்று தப்பாக எழுதாமலேயே ரிலே_சுவிட்ச் விதி வேலை செய்துவிட்டது போல. நல்லவேளை.

முதலாளி எழுதித் தருகிற வரைக்கும் அந்த ஃபிட்டரை நெருக்காதீர்கள்.

#20 கெடிலக்கரையான் | ஜூலை 22, காலை 9:30

நெருக்க மாட்டேன் அண்ணே.

பாண்டி_சப்போர்ட், ஒரு அவசர உதவி. ஸ்டோர்ஸ் அண்ணன், அதே "ஹலோ" அண்ணன்தான், ஃபில்டர் அலமாரியை போட்டோ எடுத்து ஏற்றிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு படமும் திரை முழுக்க வந்து நிற்கிறது. எப்படிச் சின்னதாக்குவது?

#21 பாண்டி_சப்போர்ட் | ஜூலை 22, காலை 9:42

படத்தின் பெயர் முடிந்ததும் ஒரு கேள்விக்குறி போட்டு 300 என்று எழுதுங்கள், அடைப்புக்குறிக்கு உள்ளேயே. அகலம் 300 புள்ளியாகச் சுருங்கிவிடும். அலமாரி எண் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.